பிரிட்டோ பெயரில் விழுந்த ஃபவுல்

பிரிட்டோ குள்ளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் அவனைப் பற்றி யார் பேசினாலும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் என்றால் வளையத்தை எட்டிப் பிடிக்கிற உயரம் இருப்பான் என்று நினைத்துத்தான் நானும் என் பேத்தி தனுஷாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். போய்ப் பார்த்தால், பிள்ளைகளுக்கு நடுவில் மாஸ்டர் யார் என்று தேட வேண்டியிருந்தது. விசில் ஊதிய பிறகுதான் ஆள் தெரிந்தது.

தனுஷாவின் அம்மா, என் மகள் செந்தமிழ்ச்செல்வி, ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். மாதம் ஒரு தடவை வந்து போவாள். அதனால் பிள்ளைக்குத் தலை பின்னுவது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைப்பது, யாரிடமாவது சண்டை போட வேண்டியிருந்தால் போடுவது எல்லாம் நான்தான். மற்ற பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் வண்டியில் வந்து இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் வீடு தியாகதுருகம் சாலையில் தள்ளி இருக்கிறது. போய்த் திரும்பி வர முழங்கால் ஒத்துழைக்காது. ஆகவே இரண்டு மணி நேரமும் மைதானத்து ஓரக் கல்லில் உட்கார்ந்து பார்ப்பேன். இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். அந்த ஆட்டத்தில் எனக்குத் தெரியாதது மேலே குதிப்பது ஒன்றுதான்.

பிரிட்டோவுக்கு ஊர் எலவனாசூர்கோட்டைக்குப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். அப்பா பிலிப்பு அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுதவர். அம்மா உபகாரமேரி ஒரு ஹாஸ்டலில் சமையல். அந்த ஹாஸ்டலில் கூடைப்பந்து மைதானம் இருந்தது. இவனுக்கு அந்தப் பந்தின்மேல் பைத்தியம். ஆனால் அங்கிருந்த மாஸ்டர் உயரத்தைப் பார்த்துத்தான் ஆளை எடுப்பாராம். நான்கு வருடம் இவன் பந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனான். ஒரே ஒரு போட்டியில், எவனோ ஒருவன் காலைச் சுளுக்கிக்கொண்டதால், கடைசி இரண்டு நிமிடம் இறக்கிவிட்டார்கள்.

"அந்த ரெண்டு நிமிசத்துல இன்னா பண்ண?" என்று கேட்டேன்.

"ஓடுனேன் ஆயா."

"பந்து?"

"பந்து அந்தப் பக்கமே இருந்திச்சு. நான் இந்தப் பக்கம் ஓடுனேன்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பகலெல்லாம் ஓர் உரக்கடையில் வேலை. ஒரு தடவை என் மக்காச்சோளத்தில் புழு விழுந்து மருந்து வாங்கப் போனேன். "இந்த அளவு புழுவுக்கு மருந்து வேணாம் ஆயா, கையாலயே பொறுக்கிப் போடுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டான். முதலாளி உள்ளேயிருந்து அவனை முறைத்த முறைப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த மாதிரி ஆள்.

சாயந்திரம் கடையை விட்டு வந்தால் பிள்ளைகளுக்குப் பந்து. பன்னிரண்டு வயதுக்குக் கீழே ஒன்பது பெண்பிள்ளைகள். அவனுக்கு ஒரு விதி உண்டு. வாரம் முழுவதும் பயிற்சிக்கு வந்தவள் எவளாக இருந்தாலும் போட்டியில் ஆட வேண்டும், எல்லோருக்கும் ஒரே அளவு நேரம். போட்டிக்கு முதல் நாளே யார் எப்போது இறங்குவது என்று ஒரு சீட்டில் எழுதிவிடுவான். பிறகு வானம் இடிந்தாலும் அந்தச் சீட்டு மாறாது. இதனால் நாங்கள் நிறையத் தோற்போம்.

நானும் அவனோடு சண்டை போட்டவள்தான். சேர்த்து மூன்று மாதம் ஆனபோது, தனுஷா ஓடுவதையும் நிற்பதையும்தான் பார்த்தேன். பந்தைக் காணோம். நேரே போய்க் கேட்டேன்.

"இன்னா மாஸ்டரே, எம் பேத்தி கைல பந்தே குடுக்க மாட்டேன்ற?"

"குடுக்கறேனே ஆயா."

"எங்க குடுக்கற? நானும் பாத்துக்கினுதான இருக்கேன்."

"எண்ணிப் பாத்தீங்களா?"

"எண்ண வேற எண்ணணுமா?"

"எண்ணிட்டு வந்து திட்டுங்க ஆயா. இப்ப எல்லாரும் எண்ணாமதான் திட்றாங்க."

விடுவேனா நான். மறுநாள் மடி நிறையப் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டு போனேன். கல்லுக்கு முன்னால் ஒன்பது குழி தோண்டினேன். எவள் கைக்குப் பந்து போனாலும் அவள் குழியில் ஒரு கொட்டை. ஒரு வாரம் கண் இமைக்காமல் எண்ணினேன். (இதை எழுதிக்கொண்டிருக்கிற தனுஷா சிரிக்கிறாள். அப்போது அவளுக்கு அவமானமாக இருந்ததாம்.) கடைசியில் பார்த்தால் எட்டுக் குழியும் ஏறக்குறைய ஒரே மட்டம். ஒரு குழி மட்டும் நிரம்பி வழிந்தது. அது மணிமொழியின் குழி. மணிமொழி கல்வராயன் மலைக்காரி, வெள்ளிமலைப் பக்கம். கீழே சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். ஒன்பது பேரிலும் சின்னவள், வாயைத் திறக்கமாட்டாள், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள்.

அதையே பிடித்துக்கொண்டு போனேன். "அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஜாஸ்தி."

"அவ லேட்டா சேந்தா ஆயா. மத்தவங்க முன்னாடியே கத்துக்கினத அவ இப்பத்தான கத்துக்கணும்."

திட்டுவதற்கு எனக்கு ஒரு வழியும் வைக்காமல் செய்துவிட்டான். அன்றிலிருந்து எனக்கு அவன் மாஸ்டர். ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை. கர்வம் வந்துவிடும்.

மற்ற பெற்றோர்கள் புளியங்கொட்டை எண்ணவில்லை. அவர்கள் போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். அதில் தலைவர் அறிவுச்செல்வன். கள்ளக்குறிச்சியில் செல்போன் கடை வைத்திருப்பவன். அவன் மகள் சுபஸ்ரீதான் அணியிலேயே உயரம், நன்றாக ஆடுகிறவள். அவளையும் மணிமொழியையும் ஒரே அளவு நேரம் ஆட விட்டால் எந்த அப்பனுக்கும் வயிறு எரியும்தான். ஐந்து போட்டி வரிசையாகத் தோற்றதும், சேலத்திலிருந்து இளஞ்செழியன் என்று ஒரு புதுக் கோச்சைப் பார்த்து வைத்துவிட்டான். ஆறடி உயரம். திருக்கோவிலூரில் வருகிற போட்டியிலும் தோற்றால் பிரிட்டோவை மாற்றிவிடுவது என்று குரூப்பில் பேசி முடித்தார்கள். தனுஷா படித்துச் சொன்னாள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

திருக்கோவிலூருக்கு வேனில் போனோம். பெற்றோர் என்று வந்தது நானும் ரெஜினாவும் மட்டும். ரெஜினா ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், அவள் மகளும் இந்த அணியில் ஆடுகிறாள். பிரிட்டோ என்னிடம், "ஆயா, நீங்க நம்ம பெஞ்சு கடைசில ஒக்காந்து தண்ணி கேன பாத்துக்குங்க. பெஞ்சுல ஒக்காந்தா நீங்களும் டீம்தான். ரெஃப்ரி கிட்ட மட்டும் பேசாதீங்க" என்றான். நான் தண்ணீர் கேன் வரைக்கும் காதில் வாங்கினேன்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. கடைசிப் பகுதியில் பதினேழுக்குப் பதினேழு. சுபஸ்ரீ போட்டதெல்லாம் விழுந்துகொண்டிருந்தது. அப்போது எதிர்ப்பக்கப் படிக்கட்டில் இருந்த அந்த ஊர்ப் பொம்பளை ஒருத்தி, "யம்மா, இன்னா ஒசரம் பாரேன் அந்தப் பொண்ணு" என்று வாய்விட்டுச் சொன்னாள். அதற்கப்புறம் சுபஸ்ரீ போட்ட மூன்றும் வெளியே. எனக்கு விஷயம் புரிந்துபோயிற்று.

என் பையில் எலுமிச்சம்பழம் இருந்தது. வெளியூர் போகிறபோது வைத்திருப்பேன். இன்னும் இரண்டு நிமிட ஆட்டம்தான் பாக்கி, பிரிட்டோ டைம் அவுட் கேட்டான். பேசி முடித்துப் பிள்ளைகள் திரும்பி இறங்குகிற நேரம் நான் எழுந்தேன். ஐந்து பேர் தலையையும் மூன்று சுற்றுச் சுற்றிப் பழத்தை மைதானக் கோட்டின்மேல் வைத்தேன்.

"ஆளுக்கு ஒரு மிதி மிதிச்சிட்டுப் போங்கடி."

சுபஸ்ரீ மிதித்தாள், பழம் நசுங்கியது. தனுஷா மிதித்தாள். ரெஜினா மகள் மட்டும் தயங்கி நின்றாள். "ஏசு சாமி ஒண்ணும் சொல்ல மாட்டாரு, மிதி" என்றேன். அவளும் மிதித்தாள். அதற்குள் விசில். ரெஃப்ரி வந்து குனிந்து பார்த்தார்.

"தரைல இன்னா இது?"

"பழம்."

"பழம்னு தெரியுது. யார் வெச்சது?"

"நான்தான் வெச்சேன். புது வண்டி எடுத்தா நீ வெக்க மாட்டியா?"

"அம்மா, பிள்ளைங்க வழுக்கி உழுந்துடும். மொதல்ல எடுங்க. இது வார்னிங்."

அத்தோடு நான் உட்கார்ந்திருக்கலாம். பிரிட்டோ பின்னாலிருந்து, "ஆயா, ஆயா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"உன் வண்டிக்கு வெச்சியா இல்லியா, அத சொல்லிட்டு அப்பறம் ஊது" என்றேன்.

அவர் ஒரு கையை நிமிர்த்தி அதன்மேல் இன்னொரு கையைப் படுக்கவைத்துக் காட்டினார். என்னவோ சமாதானத்துக்குக் காட்டுகிறார் என்று நானும் தலையாட்டினேன். அது டெக்னிக்கல் ஃபவுலாம். எதிரணிக்குச் சும்மா ஒரு ஷாட்.

கணக்கு எழுதுகிற மேஜையில் இருந்தவர், "யார் பேர்ல?" என்று கேட்டார்.

"பெஞ்சு என்னுது சார். எம் பேர்ல எழுதுங்க" என்றான் பிரிட்டோ. பிறகு தன் தோளில் இருந்த துண்டை எடுத்து மண்டிபோட்டுச் சாற்றைத் துடைத்தான்.

அவர்கள் அந்த ஷாட்டைப் போட்டுவிட்டார்கள். பதினெட்டு, பதினேழு. அதோடு சீட்டுப்படி கடைசி ஒரு நிமிடம் சுபஸ்ரீ உட்கார வேண்டும், மணிமொழி இறங்க வேண்டும். ரெஜினாவுக்கே மனசு கேட்கவில்லை.

"மாஸ்டர், இன்னிக்கு மட்டும் மாத்தலாமே."

"இன்னிக்கு மட்டும்னு ஆரம்பிச்சா தெனமும் இன்னிக்குதான் மேடம்."

மணிமொழி இறங்கினாள். கடைசி நொடியில் பந்து அவளிடம் வந்தது. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, நான் பார்த்தேன். போட்டாள். பந்து வளையத்தின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. தோற்றோம்.

வேனில் மணிமொழி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். நானும்தான். பிரிட்டோ பிள்ளைகளிடம், "வூட்ல கேட்டா பதினெட்டு, பதினேழு. அவ்ளோதான் சொல்லணும். யார் பேரும் வரக்கூடாது" என்றான். ஒன்பது பெண்பிள்ளைகள் ஐந்து நாள் வாயைத் திறக்கவில்லை. வேறு எந்த மாஸ்டரால் இது முடியும் என்று கேட்கிறேன். ரெஜினாவும் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் சேர்த்துப் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மைதானத்திலேயே கூட்டம். எல்லா அப்பா அம்மாவும் வந்துவிட்டார்கள். புதுக் கோச்சு இளஞ்செழியனும் வந்து ஓரமாக நின்றான். பிரிட்டோவைத்தான் காணோம். மணிமொழியையும் காணோம். அவள் போட்டி முடிந்த மறுநாளே மலைக்குப் போனவள் திரும்பவில்லை.

அறிவுச்செல்வன் எழுந்தான். "எனக்கு பிரிட்டோ மேல கோவம் கெடையாது. நல்ல மனுசன். நல்ல மனுசன் நல்ல மனுசன்னு சொல்லியே ஆறு மேட்ச் தோத்துட்டோம். இந்த மேட்ச் ஒரே பாயிண்ட்டு. அதுவும் எப்பிடி? கோச்சு மேல டெக்னிக்கல் ஃபவுல். ஸ்கோர் ஷீட்ட போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி இருக்காங்க. ரெஃப்ரி கிட்ட சண்டை போடற ஆளு நம்ம பிள்ளைங்களுக்கு இன்னாத்த சொல்லித் தருவாரு? இன்னிக்கும் பாருங்க, ஆளே வரல."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். வந்திருந்த எட்டுப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு கேடும் இல்லை. பிரிட்டோ போய்விடுவான், அவ்வளவுதான். மேலும் நான் செய்தது தப்பு என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. தப்புச் செய்யாதவள் எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்? ஆனால் அவன் பெயரில் எழுதியிருக்கிறதே.

"அறிவு, அந்த ஃபவுலு மாஸ்டருது இல்ல. என்னுது" என்றேன்.

"இன்னா ஆயா சொல்றீங்க?"

"நான்தான் ரெஃப்ரிய கேள்வி கேட்டேன். நான்தான் கோட்டு மேல பழம் வெச்சேன். அந்த மனுசன் தண்ணி கேன பாத்துக்கோன்னுதான் சொன்னான். பழி அவன் பேர்ல வாங்கிக்கினான்."

யாரோ ஒருவர் இருமுகிற மாதிரி சிரித்தார்.

"பழமா? மேட்ச்சு நடுவுலயா? எதுக்கு ஆயா?"

"உம் பொண்ணுக்குத்தான் கண்ணு பட்டுச்சு. அந்தூரு பொம்பள, இன்னா ஒசரம்னு வாய் உட்டுச் சொல்லிட்டா. அதுக்கு மேல அது போட்ட ஒண்ணும் உழல. நீ அங்க இருந்திருந்தா நீயே வெச்சிருப்ப."

அறிவுச்செல்வன் முகம் கொஞ்சம் இளகியது. மகள் மேல் கண் பட்டது என்றால் எந்த அப்பனுக்கும் உள்ளே ஒரு சந்தோஷம். "சுபஸ்ரீக்கா?" என்றான். பிறகு சுதாரித்துக்கொண்டான். "சரி ஆயா, அந்த ஒரு பாயிண்ட்டு போவட்டும். கடைசி நிமிசத்துல சுபஸ்ரீய ஒக்கார வெச்சது? அது கோச்சிங்கா?"

"ரெண்டு வருசத்துல நீ ஒரு பிராக்டீஸ் முழுசா பாத்திருக்கியா?"

"கடைல ஆள் இல்லயே ஆயா."

"அப்ப கடைய பத்தி சொல்லு, கேட்டுக்கறேன். பந்த பத்தி சொல்லணும்னா ஒக்காந்து பாரு. இந்தா, பிள்ளைங்க இருக்கு. புது மாஸ்டரும் இருக்காரு. அவரே சொல்லித் தரட்டும். எல்லாரும் பாக்கலாம். அப்பறம் கை தூக்குங்க."

ரெஜினா உடனே, "ஆயா சொல்றது சரி" என்றாள். ஐந்து நாள் சேர்த்து வைத்திருந்ததை அந்த மூன்று வார்த்தையில் இறக்கினாள்.

இளஞ்செழியனைக் குறை சொல்லமாட்டேன். வித்தைக்காரன். பந்தைப் போடும்போது மணிக்கட்டை எப்படி மடக்குவது என்று அவன் காட்டியது மாதிரி நான் பார்த்ததில்லை. சுபஸ்ரீக்கும் இன்னும் மூன்று உயரமான பிள்ளைகளுக்கும் காட்டினான். மற்ற நான்கு பேரை வளையத்துக்குக் கீழே நிறுத்திப் பந்து பொறுக்கிப் போடச் சொன்னான். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. தனுஷா பந்து பொறுக்கினாள். பெற்றோர்கள் எல்லோரும் மாறிமாறித் தங்கள் பிள்ளை எங்கே நிற்கிறது என்றுதான் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சுபஸ்ரீ பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"சார், அவங்களுக்கு எப்ப?"

"அவங்க அப்பறம். நீ போடு."

"நான் இவ்ளோ நேரம் போட்டேன் சார். இப்ப தனுஷா முறை."

சொல்லிவிட்டுப் பந்தைத் தனுஷா கையில் கொடுத்துவிட்டு, அவள் வளையத்துக்குக் கீழே போய்க் குனிந்து நின்றாள். அறிவுச்செல்வன் மகளைப் பார்த்தான். திட்டலாமா, பெருமைப்படலாமா என்று அவனுக்கே தெரியவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்து அவள் அதைச் செய்யவில்லை. இரண்டு வருடமாகத் தினமும் அப்படித்தான் ஆடியிருக்கிறாள்.

அந்த நேரத்தில் பிரிட்டோவின் வண்டி வந்தது. பின்னால் மணிமொழி, மடியில் ஒரு பெரிய பலாப்பழம். காலையிலேயே மலைக்கு ஏறியிருக்கிறான். அவள் அப்பா மரவள்ளிக் காட்டில் இருந்தாராம். அவரைத் தேடிப் பிடித்து, பேசி, சாப்பிட்டு, பலாப்பழம் வேண்டாம் என்று சொல்லித் தோற்று, கீழே இறங்க இவ்வளவு நேரம்.

வந்தவன் எங்கள் யாரையும் கவனிக்கவில்லை. இளஞ்செழியன் காட்டுகிறதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "மணிக்கட்டு நல்லா சொல்லித் தர்றீங்க சார். எனக்கு அது சுத்தமா வராது. சனிக்கெழம சனிக்கெழம வர முடியுமா? எல்லாருக்கும் சொல்லித் தரணும், ஒம்போது பேருக்கும்" என்றான். தன் வேலையைப் பறிக்க வந்தவனிடமே உதவி கேட்கிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இளஞ்செழியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்க்கிறேன் என்றான்.

ரெஜினா எழுந்து, "பிரிட்டோ மாஸ்டர் இருக்கணும்கறவங்க கை தூக்குங்க" என்றாள். கைகள் எழுந்தன. அறிவுச்செல்வன் கை கடைசியாக, காதுக்குப் பக்கம் வரைக்கும் எழுந்தது. நான் இரண்டு கையும் தூக்கினேன். ஒன்றுதான் செல்லும் என்றார்கள்.

ரெஜினா பிரிட்டோவிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவனுக்கு அப்போதுதான் கூட்டம் எதற்கு என்று முழுசாகப் புரிந்திருக்கும் போல. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு விசிலை எடுத்தான்.

"நம்ம டீம்ல டெக்னிக்கல் வாங்குனா அஞ்சு ரவுண்டு ஓடணும். எம் பேர்ல உழுந்ததுக்கு நான் அன்னிக்கே ஓடிட்டேன். ஆனா இப்ப ஒத்துக்கினவங்க ஒருத்தர் இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்."

"எனக்கு முட்டி வலி" என்றேன்.

"நடங்க ஆயா. நடந்தா போதும்."

"தம்பி, நான் இன்னா பிள்ளையா?"

"பெஞ்சுல ஒக்காந்தா டீம்னு அன்னிக்கே சொன்னேனே."

பெற்றோர் பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன். பிள்ளைகள் ஒவ்வொரு சுற்றையும் சத்தமாக எண்ணினார்கள். இரண்டு சுற்று ஒழுங்காகப் போனேன். மூன்றாவதில் அந்தத் தூரத்து மூலை வந்தபோது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று குறுக்கே திரும்பிவிட்டேன்.

"ஆயா."

மணிமொழி. அவள் குரலை அவ்வளவு சத்தமாக அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

"மூலைய தொட்டுட்டு வரணும் ஆயா. இது கணக்குல வராது."

முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போய் மூலையைத் தொட்டுவிட்டு வந்தேன்.